மைனஸ் 50 டிகிரியில் வெளிவேலை: யாகுட்ஸ்க் நகரம் எப்படி இயங்குகிறது?

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு படம் சுற்றுக்கு வந்துவிடும். இமையெல்லாம் வெண்பனி படிந்த ஒரு மீன்காரம்மா, கையுறைக்கு மேல் கையுறை, முன்னால் விறகுக்கட்டு போல நிமிர்த்தி அடுக்கிய மீன்கள். இடம், ரஷ்யாவின் சைபீரியப் பகுதியிலுள்ள யாகுட்ஸ்க். 2023 ஜனவரியில் அந்நகரின் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டபோதும் இதே படங்கள்தான் உலகம் முழுக்கச் செய்தியாயின. அப்போது எழும் கேள்விகளும் மாறுவதில்லை. அங்கே எப்படி நிற்கிறார்கள்? குளிர்காலம் முடியும்வரை கடையைக் கட்டிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாதா? இப்படி வேலை வாங்குவதைத் தடுக்கச் சட்டம் கிடையாதா?

‘அவர்களுக்குப் பழகிவிட்டது’ என்பதுதான் வழக்கமான பதில். அதில் பாதிகூட உண்மை இல்லை. மைனஸ் 50-க்கு எந்த மனிதத் தோலும் பழகாது. பழகியிருப்பது வேலைமுறை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு: அந்நகரின் வெளிவேலைகளில் பல, குளிரைப் பொறுத்துக்கொண்டு செய்யப்படுபவை அல்ல, குளிர் இருப்பதால்தான் அவற்றைச் செய்யவே முடிகிறது.

## இடமும் காலநிலையும்

யாகுட்ஸ்க், ரஷ்யாவுக்கு உட்பட்ட சாகா குடியரசின் தலைநகரம். 1632-இல் லேனா ஆற்றங்கரையில் கோட்டையாகத் தொடங்கிய ஊர். இன்று மூன்றரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். இதைவிடக் குளிரான ஊர்கள் அதே குடியரசில் இருக்கின்றன. வெர்கோயான்ஸ்க், ஓய்மியாகோன் ஆகியவை புகழ்பெற்றவை. ஆனால் அவை சிற்றூர்கள். பேருந்து, கட்டுமானம், சந்தை, பல்கலைக்கழகம், குழாய் பழுதுபார்க்கும் ஆட்கள் என்று ஒரு முழு நகரம் இயங்க வேண்டிய இடம் யாகுட்ஸ்க்.

ஜனவரியின் சராசரியே மைனஸ் 37-ஐ ஒட்டி இருக்கிறது. 1891 பிப்ரவரியில் பதிவான மைனஸ் 64.4தான் நகரின் மிகக் குறைந்த அளவு. ஜூலையிலோ 30 டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால் வெப்பத்தைத் தேக்கித் தர அருகில் பெரிய நீர்ப்பரப்பு இல்லை. குளிர்காலத்தில் சைபீரியாவின்மேல் ஓர் உயரழுத்த மண்டலம் மாதக்கணக்கில் அமர்ந்துவிடும். வானம் தெளிந்திருக்கும், தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறும், கனத்த குளிர்காற்று, நகரம் அமைந்துள்ள துய்மாதா பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும்.

தேங்கி நிற்கும் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காற்று அதிகம் அசைவதில்லை.

## வெப்பமானி சொல்வதும் தோல் உணர்வதும்

வெறும் எண்ணை வைத்து எந்த ஊர் கொடியது என்று முடிவு செய்தால் தவறிவிடுவோம். டொராண்டோவிலோ மொன்றியலிலோ வாழும் தமிழர்களுக்கு இது தெரிந்த செய்திதான். அங்கே வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு ‘விண்ட் சில்’ என்ற இரண்டாவது எண்ணும் வரும். தோலை ஒட்டி நம் உடற்சூட்டால் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றடுக்கு இருக்கிறது. வீசும் காற்று அதைக் கலைத்துக்கொண்டே போகும். 1940-களில் அண்டார்டிகாவில் நடந்த சோதனைகளிலிருந்து பிறந்த இந்தக் கணக்கை, அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் திருத்தி அமைத்தன.

1. மைனஸ் 40-இல் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால், தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 59.

2. கனடாவின் வழிகாட்டலின்படி, இந்தக் காற்றுக்குளிர் எண் மைனஸ் 28 முதல் 39 வரை இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். மைனஸ் 40 முதல் 47 வரை என்றால் 5 முதல் 10 நிமிடம். மைனஸ் 55-க்குக் கீழே இரண்டு நிமிடம்கூட ஆகாது.

3. ஆகவே அசைவற்ற மைனஸ் 45-ஐவிட, காற்றடிக்கும் மைனஸ் 35 மோசமாக இருக்கலாம். ஜனவரியில் யாகுட்ஸ்க் பெரும்பாலும் முதல் வகை. மைனஸ் 45-இல் அங்கே சந்தை கூடுவதற்கு மன உறுதியைவிடப் பெரிய காரணம் இதுதான்.

அசையாத காற்றுக்கு வேறொரு விலை இருக்கிறது: பனிமூட்டம். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 50-இல் 0.04 கிராம்தான். வாகனப் புகை, கொதிகலன் புகை, மனித மூச்சு என எதிலிருந்து வரும் ஈரமும் அந்தக் கணமே பொடிப் பனித்துகளாகிவிடும். மைனஸ் 40-ஐத் தாண்டினால் நகரம் வெள்ளைக்குள் மறைந்துபோகும். வண்டியோட்டுபவர்களுக்குச் சில மீட்டர் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. சாலையில் வேலை செய்பவருக்குக் குளிரைவிட, தன்னைப் பார்க்காமல் வரும் லாரியே பெரிய ஆபத்து.

## நிற்பவர் வேறு, உழைப்பவர் வேறு

உடலின் உட்சூடு 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினால் தாழ்வெப்பநிலை எனப்படும் நிலை: நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல், பிறகு மயக்கம். இதைத் தவிர்க்க உடல் முதலில் செய்வது, தோலுக்கும் விரல்களுக்கும் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற விரல், மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றைக் கைவிடுகிறது. அங்குள்ள திசுநீர் உறைந்தால் அதுவே உறைபனிப்புண். முதலில் வலிக்கும், பிறகு வலி போய் மரத்துவிடும். வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் விரலை இழக்கிறார்கள். அதனால்தான் வெளிவேலைக் குழுக்களில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்வது வழக்கம். கன்னத்தில் வெள்ளைத் திட்டு தோன்றுவது உரியவருக்குத் தெரியாது. எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

சும்மா இருக்கும் உடல் சுமார் 100 வாட் வெப்பம் உண்டாக்குகிறது. கடும் உழைப்பில் அது 400, 500 வாட் வரை போகும். இதனால் இரண்டு வகை வேலையாளுக்கு இரண்டு வெவ்வேறு ஆபத்துகள். மீன் விற்பவர் நாளெல்லாம் நிற்கிறார். அவர் உடலில் அதிகச் சூடு பிறப்பதில்லை. என் கணிப்பில் அந்நகரின் கடினமான வெளிவேலை அதுதான், பார்வைக்கு அப்படித் தோன்றாவிட்டாலும். பனிக்கட்டி வெட்டுபவருக்கோ ஆபத்து அவருடைய வியர்வை. உள்ளாடை நனைந்த நிலையில் வேலையை நிறுத்தினால், அந்த ஈரம் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வேலை தொடங்கும் முன் லேசாகக் குளிரும் அளவுக்கே உடுத்துவார்கள். வேகமாக வேலை செய்து சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. வியர்க்காத வேகமே சரியான வேகம்.

குளிருக்கு வோட்கா என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். மது, சுருங்கிய தோல் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சூடு தோலுக்கு வருகிறது. வந்ததும் கதகதப்பாக உணர்கிறோம். அப்படியே அது காற்றோடு போய்விடுகிறது. உண்மையில் உதவுவது கொழுப்பு மிகுந்த உணவும் சூடான தேநீரும். வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் உடல் நீரை இழக்கிறது, ஆனால் தாகம் தெரியாது. அதனால் தேநீர் குடிப்பது சூட்டுக்காக மட்டுமன்று.

உடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பல அடுக்குகள், வெளியே கலைமான் தோலாலான உயரமான பூட்சு அல்லது ‘வலென்கி’ எனும் கம்பளிக் காலணி. கலைமான் மயிரின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் சூடு வெளியேறாது. ரப்பர் அடிப்பாகமுள்ள சாதாரணக் காலணி விறைத்துப்போய் வெடித்துவிடும். உலோகச் சட்டமுள்ள கண்ணாடியைத் தவிர்ப்பார்கள். உலோகம் மரத்தைவிடப் பல மடங்கு விரைவாகத் தோலின் சூட்டை இழுப்பதால், வெறும் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

## இயந்திரங்களுக்கும் எல்லை உண்டு

மனிதனுக்கு முன்னால் வேலையை நிறுத்துவது பெரும்பாலும் இயந்திரம்தான்.

1. சாதாரண எஃகு கடுங்குளிரில் நெகிழும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. கோடையில் வளைந்து கொடுக்கும் கிரேன் கை, குளிரில் எச்சரிக்கை இல்லாமல் முறியும். சாதாரணக் கிரேன்கள் பல மைனஸ் 40 வரைதான் இயக்கத் தகுந்தவை. அதற்குக் கீழே மைனஸ் 60 வரை தாங்கும் வடபுலத் தயாரிப்புகள் தனி.

2. சாதாரண டீசலில் உள்ள மெழுகு பிரிந்து குழாயை அடைக்கும். ஆர்க்டிக் வகை டீசல் வேண்டும். என்ஜின் எண்ணெய் கூழாகிவிடும்.

3. பேட்டரியின் திறன் சரிந்துவிடும். இதனால் வண்டியை ஒருமுறை அணைத்தால் மறுபடி உயிர் பெறுமா என்பது சந்தேகம். வேலைத்தளத்தில் லாரிகள் நாள் முழுக்க உறுமிக்கொண்டே நிற்பதற்கு இதுவே காரணம். கார் வைத்திருப்பவர்கள் சூடாக்கிய கொட்டகைக்கு வாடகை தருகிறார்கள், அல்லது காரின்மேல் தடித்த போர்வையைப் போர்த்துகிறார்கள்.

4. பாதரசம் மைனஸ் 38.8-இல் உறைந்துவிடும். அதனால் வெப்பமானிகூடச் சாராயம் அடைத்ததாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் தவிர்க்க முடியாத வெளிவேலை, வெந்நீர்க் குழாய் பழுது. நகரம் நிரந்தர உறைநிலத்தின்மேல் நிற்கிறது. 1828 முதல் 1837 வரை ஷெர்கின் என்ற வணிகர் கிணறு தோண்டி 116 மீட்டர் இறங்கியும் உறைந்த மண்ணைத் தாண்ட முடியவில்லை; அந்தக் குழி இன்றும் இருக்கிறது. சூடான குழாயை மண்ணுக்குள் புதைத்தால் மண் உருகி அமிழும் என்பதால் குழாய்கள் தரைக்கு மேலே, தெருவெங்கும் ஓடுகின்றன. மைனஸ் 50-இல் ஒன்று வெடித்தால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் குழாய் சூடாக்கும் கட்டடங்களின் உட்குழாய்களும் அடுத்தடுத்து உறைந்து வெடிக்கும். வெப்பநிலை வரம்பைக் காட்டி மற்ற வேலைகளை நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது.

## சட்டம் என்ன சொல்கிறது?

ரஷ்யத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 109-ஆம் பிரிவு, குளிர்காலத்தில் வெளியிலோ சூடாக்காத கொட்டகையிலோ வேலை செய்பவர்களுக்குச் சூடேற்றிக்கொள்ள இடைவேளை தர வேண்டும் என்கிறது. அந்த நேரம் வேலை நேரத்தில் சேரும். சம்பளம் பிடிக்கக் கூடாது. சூடான அறையை ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு.

2006-இல் வந்த சுகாதார வழிகாட்டி விவரங்களைச் சொல்கிறது. ஓய்வறையின் வெப்பம் 21 முதல் 25 டிகிரி. முதல் இடைவேளை 10 நிமிடமாக இருக்கலாம். அடுத்தடுத்த ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் கூட வேண்டும், ஏனென்றால் உடல் இழந்த வெப்பக் கடன் ஷிஃப்ட் நீள நீள ஏறிக்கொண்டே போகும். மைனஸ் 30-க்குக் கீழே கடும் உடலுழைப்பைத் திட்டமிட வேண்டாம் என்றும், மைனஸ் 40-க்குக் கீழே முகத்துக்கும் மூச்சுப் பாதைக்கும் காப்பு வேண்டும் என்றும் அது சொல்கிறது. மைனஸ் 30 விதி வியர்வையையும் ஆழ்ந்த மூச்சையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பள்ளிகளுக்குத் தனி ஏற்பாடு: மைனஸ் 45-ஐ ஒட்டிச் சிறு வகுப்புகளுக்கு முதலில் விடுமுறை, இன்னும் இறங்க இறங்கப் பெரிய வகுப்புகளுக்கும்.

சம்பளத்திலும் குளிருக்குக் கணக்கு உண்டு. யாகுட்ஸ்க்கில் பிராந்தியப் பெருக்கம் 1.4, அதாவது அடிப்படைச் சம்பளம் 1.4 மடங்காகும். அதற்கு மேல், பணிக்காலம் கூடக்கூட அடிப்படைச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை வடபுலப் படி. அடிப்படைச் சம்பளம் 100 ரூபிள் என்றால், வரிக்கு முன் 220 ரூபிள் வரை ஆகலாம். ஆண்டுக்கு 24 நாள் கூடுதல் விடுப்பும், பதினைந்து ஆண்டு வடபுலப் பணி செய்தவர்களுக்கு ஐந்தாண்டு முன்கூட்டிய ஓய்வூதியமும் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் முதலாளி ஒருவர் இருக்கிறவர்களுக்கு. உலகம் படம்பிடிக்கும் அந்த மீன்காரம்மா தன் சரக்கைத் தானே விற்பவர் என்றால், அவருக்கு இடைவேளை தருவதும் படி தருவதும் யார்?

## குளிரே கருவி

கடையை உள்ளே மாற்றிக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு வருவோம். மீன்காரருக்கு வெளிச்சந்தைதான் குளிர்பதனப் பெட்டி. பிடித்ததும் உறைந்த மீன், வசந்தம் வரை செலவின்றி அப்படியே இருக்கும். சூடான கடைக்குள் கொண்டுபோனால் உருகி, தரமும் விலையும் இறங்கிவிடும். உறைந்த மீனைச் சீவி உருகும் முன் பச்சையாகத் தின்னும் ‘ஸ்ட்ரோகனினா’ என்ற உணவுக்கு ஒருமுறைகூட உருகாத மீன் வேண்டும். சரக்கு வெளியே இருந்தாக வேண்டும். ஆகவே ஆளும் வெளியே.

கிராமங்களில் குடிநீரும் இப்படித்தான். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி உறைந்து போதிய தடிமன் வந்ததும் பாளம் பாளமாக அறுத்து வீட்டு முற்றத்தில் அடுக்குவார்கள். குளிர்காலம் முழுக்க அதை உருக்கிக் குடிப்பது. மீதியை உறைநிலத்தில் தோண்டிய நிலவறையில் கோடைக்கு வைப்பது.

இதன் உச்சம், யாகுட்ஸ்க்கை ஒட்டிய ஜதாய் என்ற இடத்தில் நடக்கும் கப்பல் பழுது. லேனா ஆற்றுக் கப்பல்கள் குளிர்காலத்தில் அங்கே பனியில் சிறைப்பட்டு நிற்கும். சுழல்விசிறியும் சுக்கானும் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. அவற்றைச் சரிசெய்யக் கப்பலைத் தூக்க வேண்டும், அல்லது சுற்றியுள்ள நீரை அகற்ற வேண்டும். ஜதாய்த் தொழிலாளர்கள் இரண்டாவதைச் செய்கிறார்கள், பம்பு இல்லாமல். ‘விமரோஸ்கா’ என்று இதற்குப் பெயர். முறை இது:

1. கப்பலின் பின்பகுதியைச் சுற்றிப் பனிக்கட்டியை மின்வாளாலும் கடப்பாரையாலும் வெட்டி எடுப்பார்கள். அடியில் ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் விட்டுவிடுவார்கள்.

2. அந்த அடுக்கு இப்போது நேரடியாகக் கடுங்குளிருக்குத் திறந்திருக்கிறது. அதன் கீழே உள்ள நீர் வேகமாக உறையும். பனிக்கட்டி தானே ஒரு வெப்பத் தடை என்பதுதான் சூட்சுமம். தடித்தால் மெதுவாக வளரும், மெலிந்தால் விரைவாக வளரும். கணக்குப்படி, ஒரு மீட்டர் தடித்த பனிக்கட்டியைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் பத்து சென்டிமீட்டர் அடுக்கு வளரும்.

3. அடுக்கு தடித்ததும் மறுபடி மேலே வெட்டுவார்கள். மறுபடி காத்திருப்பார்கள். இப்படி வாரக்கணக்கில் இறங்கி, விசிறி முழுதாக வெளியே வரும்வரை ஒரு வறண்ட குழி உருவாகும். அதற்குள் நின்று வெல்டிங் வேலை நடக்கும்.

4. அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் அடியடுக்கு உடைந்து ஆற்றுநீர் பொங்கிக் குழியை நிரப்பும். அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

இந்த ஆட்களுக்கு மைனஸ் 50 என்பது நல்ல செய்தி. குளிர் கடுமையானால் குழி விரைவில் இறங்கும். வானிலை மைனஸ் 20-க்குத் தளர்ந்தால் வேலை மந்தமாகிவிடும்.

வீடு கட்டுவதிலும் இந்தத் தருக்கம் உண்டு. கட்டடங்கள் தூண்களின்மேல் நிற்கின்றன. உறைந்த மண்ணில் துளையிட்டுத் தூணை இறக்கி, சுற்றிலும் சேற்றுக்கலவையை ஊற்றிவிட்டால் மண்ணே அதை உறைய வைத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டடத்தின் அடியில் காற்று ஓட இடைவெளி விடுவது, வீட்டுச் சூடு மண்ணைத் தொடாமல் இருக்கவே.

## குளிர் குறைந்தால் யாருக்கு நட்டம்?

யாகுட்ஸ்க்கில் லேனாவின்மேல் பாலம் இல்லை. கட்டும் பணி அண்மையில்தான் தொடங்கியது. ரயில் நிலையமோ எதிர்க்கரையில், நிஷ்னி பெஸ்த்யாக்கில். கோடையில் படகு. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே சாலை. உறைந்தும் உறையாத நாள்களில் இரண்டும் இல்லை; காற்றுமெத்தைப் படகையோ ஹெலிகாப்டரையோ நம்ப வேண்டும். தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஓராண்டுச் சரக்கில் பெரும்பங்கு இந்தப் பனிச்சாலைகளில்தான் போகிறது.

பனிக்கட்டி தாங்கும் எடை அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் இரட்டித்தால் தாங்கும் எடை நான்கு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால் விபரீதம் புரியும்: மிதமான ஒரு குளிர்காலத்தில் தடிமன் 30 விழுக்காடு குறைந்தால், சாலை தாங்கும் எடை பாதியாகிவிடும். 20 டன் லாரி போன இடத்தில் 10 டன்தான். அதே சரக்குக்கு இரண்டு மடங்கு நடை. சாலை திறந்திருக்கும் நாள்களோ குறைவு. பனிச்சாலை ஓட்டுநர்கள் ஜனவரியைவிட நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் அஞ்சுவதன் காரணம் இதுவே. மைனஸ் 50-இல் பனிக்கட்டி நம்பத்தக்கது. மைனஸ் 10-இல் அதன்மேல் நீர் ஏறிப் பனித்தூளுக்குள் ஒளிந்திருக்கும். கால் நனையும், சக்கரம் புதையும்.

நகரின் ஆண்டுச் சராசரி வெப்பம் கடந்த அரை நூற்றாண்டில் 2 டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது. ஜனவரிப் படங்களில் அது தெரிவதில்லை. மைனஸ் 45-க்கும் 43-க்கும் மீன்காரம்மாவின் இமைப்பனியில் வேறுபாடு இருக்காது. வேறுபாடு தெரிவது மற்ற இடங்களில். ஜதாயில் குழி இறங்க எடுக்கும் நாள்கள் கூடும்போது அது தெரியும். மே மாத நடுவில் லேனா உடைந்து ஓடத் தொடங்குவதற்குள் விசிறியைப் பூட்டி முடிக்க வேண்டும்; வேலையின் தொடக்கம் தள்ளிப்போகிறது, முடிவுத் தேதி முன்னால் வருகிறது. இடையில் சிக்கிய குழுவுக்கு இரண்டு வழிகள்தான்: ஒரே பருவத்தில் குறைவான கப்பல்களை எடுத்துக்கொள்வது, அல்லது அடியடுக்கை இன்னும் மெல்லியதாக வெட்டத் துணிவது.